கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்

கத்திரி வெயிலில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசப் போகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காமல் வேறென்ன செய்யும் என்று நினைத்தாள் அம்சவேணி. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று பேரெடுத்த ஊரில் பனிக்கு எங்கே போவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. "வைஃபை இருக்கு, ஏசி போட்டுக்கோ, முடிஞ்சதும் பூட்டிட்டுப் போ" என்று டாக்டரம்மா சாவியைக் கொடுத்திருந்தார். மற்ற நாளெல்லாம் அவள் டோக்கன் கொடுக்கிற அதே மேஜையில், மகன் கழித்துப்போட்ட லேப்டாப். பக்கத்தில், பல் விளக்குவது எப்படி என்று காட்டுவதற்காக வைத்திருக்கும் பிளாஸ்டிக் தாடை, ஈயென்று இளித்துக்கொண்டிருந்தது. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக பி.ஏ. ஆங்கில இலக்கியம், அஞ்சல் வழி, இரண்டாம் ஆண்டு. ஒரு சதுரத்தில் பாடம் நடத்தும் மிருதுளா மேடம். இன்னொன்றில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ராஜு சார், பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் அம்சவேணியின் முறை. அவளுடைய சதுரத்தின் மூலையில் மைக் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதை ஒரு தடவை அமுக்கினால் கோடு போய்விடும், அவள் மூச்சுவிடுவதுகூட, கூடப் படிக்கிறவர்கள் இருக்கிற ஓசூருக்கும் பாண்டிச்சேரிக்கும் கேட்கும். சேர்ந்த நாளிலிருந்து அவள் அதை அமுக்கியதே இல்லை. வந்துவிட்டேன் என்பதைக்கூட எழுத்தில் தட்டித்தான் போடுவாள். தினம் நூறு பேரிடம் வாயாடுகிறவளுக்கு, வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் அரைகுறை இங்கிலீஷிலேயே சண்டை போட்டு வரிசையில் நிற்க வைக்கிறவளுக்கு, இங்கே வந்தால் மட்டும் வாயில் பூட்டு. இது என்ன வெட்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விரல் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற அந்தக் கவிதையால் வந்த வினைதான் எல்லாம். எழுதியவள் யாரோ ஒரு சீமைக்காரி, எப்போதோ செத்து மண்ணோடு மண்ணாகிப் போனவள், பேர்கூடத் தெரியாது என்று பாடத்தில் போட்டிருந்தது. பனி பெய்கிற ஒரு சாயங்காலம் ஒருத்தி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வாசலுக்கு வெளியே நிற்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, அவன் உள்ளே நெருப்பு மூட்டி வைத்திருக்கிறான், அவன் நிழல் சுவரில் ஆடுகிறது. அவள் தோள்மேல் பனி விழுந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான், கவிதை முடிந்துவிட்டது. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று போன வாரம் மேடம் கேட்டார். சந்தோஷம் என்று ஒருவர் தட்டினார், நிம்மதி என்று ஒருவர், காதல் என்று ஒருவர். அம்சவேணியின் விரல் அவளைக் கேட்காமலேயே தட்டிவிட்டது: அவளுக்குப் பயம், நெருப்பைப் பார்த்து. தட்டிய கையோடு அனுப்பியும் விட்டது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் திரையில் ஒவ்வொன்றாக மேலே ஏறின. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, திரைக்குள்ளிருந்து அவளைத் தேடுகிற மாதிரி பார்த்து, "அம்சவேணி, அடுத்த வாரம் நீங்கள் இதைப் பற்றிப் பேச வேண்டும். எழுத வேண்டாம், பேசுங்கள்" என்றார். அது தண்டனையா மரியாதையா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்கே கீர்த்தனா போன் செய்தாள். ஓசூரில் பேங்க் வேலை பார்க்கிற பெண், வகுப்பிலேயே இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க தலைகீழா புரிஞ்சிக்கிட்டீங்க. அங்கல்லாம் குளிருன்னா சாவுக்கா. நெருப்புதான் வீடு. அவ புருஷன் அவளுக்காக நெருப்பு மூட்டி வெச்சிருக்கான், அத பாத்து அவளுக்கு அப்படியே மனசு நெறைஞ்சு போகுது. அது ஹேப்பி போயம்க்கா." அம்சவேணிக்குக் காது மடல் சுட்டது. சுட்டது, அதுவும் நெருப்புதான். அவள் பனியைக் கண்டாளா. ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அப்பிக்கொண்டு டாக்டரம்மாவின் ஐஸ் பேக்கை விடமாட்டேன் என்று பிடிக்குமே, அந்தப் பனி தெரியும். சினிமாவில் கதாநாயகி மெல்லிசுப் புடவை கட்டிக்கொண்டு பனிமலையில் ஆடுவாள், ஒரு தும்மல்கூட வராது, அந்தப் பனி தெரியும். அதனால் பனி என்றால் குளுமை, குளுமை என்றால் நல்லது. மனசு குளிரும், வயிறு குளிரும், கண் குளிரும் என்று சொல்லி வளர்ந்த வாய். கெட்டதென்றால் எரியும். வயிறு எரியும். இரண்டு பெண்களைப் பெற்ற அம்மா, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "வயித்துல நெருப்ப கட்டினு கீறேன்" என்று சொல்லாத நாள் இல்லை. ஆனால் இங்கிலீஷ்காரன் வரவேற்பதே வெதுவெதுப்பாகத்தான். அவன் ஊரில் கல் நெஞ்சுக்காரனுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். அவள் அசந்துபோனாள். அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இது எவ்வளவு பெரிய விஷயம். உலகத்தை யாரோ சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அங்கேயும் ஜனங்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், வாசலில் நிற்கிறார்கள். இப்படி ஒரு மொழி இருப்பது தெரியாமலேயே இத்தனை வருஷம் அதில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாளே. கீர்த்தனா சொன்னபடி ஒழுங்காக நாலு வாக்கியம் தயார் செய்து, பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். இந்தக் கவிதையில் நெருப்பு அன்பின் அடையாளம். அதுதான் முதல் வாக்கியம். சொல்லிவிட்டு மைக்கை மூடிவிட்டால் தீர்ந்தது.

ராஜு சார் எல்லையில் இருந்த நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் அளவு பனியில் காவல் நின்று, கூடாரத்துக்குள் எரிகிற மண்ணெண்ணெய் அடுப்பை நினைத்துக்கொண்டே கடத்திய பொழுதுகள். பனியில் நின்றவனுக்குத்தான் நெருப்பின் அருமை தெரியும் என்றார். சரிதான், இனி இவளுக்கு என்ன வேலை. மண்ணெண்ணெய் என்கிற சொல்லை அவர் இங்கிலீஷில் சொன்னார், அது அவளுக்கு உடனே வாசனையாக வந்தது, இந்தப் பூட்டிய, பல்மருந்து நெடி அடிக்கிற குளிர் அறைக்குள். வேண்டாம். மனப்பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கவிதையில் நெருப்பு அன்பின் அடையாளம். அவள் கொஞ்ச நேரம் நிற்கிறாள். ஏன் நிற்கிறாள், நிற்கட்டும், அது நம் நாலு வாக்கியத்தில் இல்லை. கொஞ்ச நேரம். "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்டி." இது கவிதையில் இல்லை, இது அக்கா ரேணுகா. இது குடியாத்தத்தில் ஒரு தெருமுனை, ஆடி முடிந்த மறுநாள், தூறல். கல்யாணமான முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த அக்காவைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்பா முன்னால் பழக்கூடையோடு விறுவிறுவென்று போகிறார். பின்னால் அக்கா, அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பாவாடை தாவணியில் அம்சவேணி. அக்கா வீட்டு ஜன்னலில் குண்டு பல்பு எரிகிறது. உள்ளே யாரோ நடமாடுகிற நிழல். அக்கா நின்றாள். "நனையுது வாக்கா" என்று இவள் இழுத்தாள். "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்டி. நல்லா சில்லுனு கீது." முகத்தை மழைக்கு நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய தோளில், புதுப் புடவையில், பொட்டுப் பொட்டாக நனைந்ததை இவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஆடி முழுக்க அக்கா அப்படித்தான் இருந்தாள், எந்நேரமும் குழாயடியில் காலை நனைத்துக்கொண்டு, கோயில் கூழை வாங்கி வாங்கிக் குடித்துக்கொண்டு. அம்மன் பேரை வைத்தோம், அம்மனாட்டம் குளுமை கேக்குறா என்று அம்மா சிரித்தாள். நெருப்பில் இறங்கிய அம்மனை மழை வந்து அணைத்துக் காப்பாற்றிய கதை ஒவ்வொரு ஆடிக்கும் கோயிலில் சொல்வார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு எப்படித்தான் உட்கார்ந்திருந்தாளோ.

அந்த முறை அம்சவேணி அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். அக்காவின் மாமியார் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினாள், பளபளவென்று புது கேஸ் அடுப்பு, மூலையில் சிலிண்டர், அதற்குப் பொட்டு வைத்துப் பூ சுற்றியிருந்தது. "இனிமே இந்த வூட்ல மண்ணெண்ண நாத்தமே கெடையாது. பழைய ஸ்டவ்வ ஈயம் பித்தாளக்காரன் கையில போட்டுட்டு இந்தக் கொடத்த எடுத்தேன்" என்று ஒரு நீலப் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிக் காட்டினாள். கார்த்திகையில் ஆள் வந்து சொன்னான். ஸ்டவ் வெடிச்சுடுச்சு. அக்காவைப் பார்க்க விடவில்லை, வெள்ளைத் துணியாகத்தான் பார்த்தாள். வாசலில் பெண்கள் மாரடித்துக்கொண்டே சொன்னார்கள், பாழாப்போன ஸ்டவ் வெடிச்சுடுச்சே. போலீஸ்காரர் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். அம்சவேணி ஒரு சுவரோரமாக நின்றிருந்தாள், அவளுக்கு எதிரே அந்த நீலக் குடம், நிறையத் தண்ணியோடு. அதில் மொண்டு மொண்டுதான் வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "எந்த ஸ்டவ்வும்மா" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அம்மா உள்ளங்கையால் அவள் வாயை அடைத்தாள். கையில் மஞ்சளும் கண்ணீரும் சேர்ந்து உப்புக் கரித்தது. "வாய தொறக்காத. இன்னும் நீ ஒருத்தி கீற. உன்ன கரையேத்தணும்." அம்மாவுக்கும் தெரியும் என்று அந்தக் கை சொல்லிவிட்டது. அப்புறம் அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

கரையேற்றினார்கள். கஜேந்திரன் பெண் பார்க்க வந்தபோது மூத்த பெண் எப்படி இறந்தாள் என்று அவருடைய அக்கா கேட்டாள், ஸ்டவ் வெடிச்சுடுச்சு என்று அப்பா சொன்னார், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு கஜேந்திரன் "பாவம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பொய்க்குச் சொன்ன பாவம்தான், இருந்தாலும் மனசார வந்தது. நல்ல மனுஷன். இதோ இப்போதும் வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார், முப்பது வருஷமாக எலக்ட்ரிக் வேலை பார்த்துக் காய்த்த கையோடு, பெண்டாட்டிக்கு இங்கிலீஷ் வருகிறது என்று எதிர்க்கடைக்காரனிடம் பீற்றிக்கொண்டு. அவரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள், இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் போய்விட்டார், கரையேற வேண்டியவள் ஏறி, தலை நரைத்தும் விட்டது. ஆனாலும் அந்தக் கை இன்னும் வாய்மேல் இருக்கிறது. இந்தக் கல்யாணம், இந்த மகன், இந்தச் சோறு எல்லாம் அந்தக் கைக்குக் கீழே விளைந்தது. அதை எடுத்தால் எது எதெல்லாம் சரிந்து விழுமோ. அப்படியிருக்க எப்படி வந்தது இது. எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில், வேலூர் என்ற பேரையே கேட்டிராத ஒருத்தி, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி தோளில் ஈரத்தோடு ஒருத்தியை நிற்க வைத்து, கொஞ்ச நேரம் என்று எழுதிவிட்டு, தன் பேரைக்கூடப் போடாமல் போயிருக்கிறாள். ஏன் பேர் போடவில்லை. அவள் வாயிலும் யாராவது கை வைத்திருந்தார்களா. குடியாத்தம் தெருமுனையை அவள் எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்சவேணிக்கு உடம்பு சிலிர்த்தது, ஏசியால் இல்லை. கோயிலில் சாமி வந்தவர்கள் எதிரே வந்து நின்றால் ஏற்படுமே, அதே சிலிர்ப்பு. கீர்த்தனா சொன்னதும் சரியாக இருக்கலாம், நெருப்பு அன்பாகவே இருக்கலாம், ஆனால் அக்கா நிற்க ஒரு இடம் அந்தக் கவிதையில் காலியாக இருந்தது. இத்தனை காலமாக ஊரிலும் உறவிலும் இல்லாத இடம்.

"நன்றி ராஜு சார். அம்சவேணி, இருக்கிறீர்களா?" மேடத்தின் குரல். பிளாஸ்டிக் தாடை இளித்தது. அவள் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அமுக்கினாள். கோடு போய்விட்டது, அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது, ஏசியின் உறுமல் பாண்டிச்சேரிவரை போயிற்று. "இந்தக் கவிதையில் நெருப்பு அன்பின் அடையாளம்" என்று இங்கிலீஷில் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. அடுத்த வாக்கியம் நாக்கின் நுனியில் நின்றது, நின்றதே தவிர வரவில்லை. "மேடம், ஒரு சந்தேகம்" என்றாள். சொல்லுங்கள் என்றார் மேடம். இனி மனப்பாடம் இல்லை, கல்லும் முள்ளுமாகச் சொந்த இங்கிலீஷ். "அவளுக்குக் குளிர்கிறது. உள்ளே நெருப்பு. அவளுக்கு ஆசை என்றால் அவள் ஏன் நின்றாள்?" தன் கேள்வி அசட்டுத்தனமாகிவிட்டது என்று அவள் மறுபடி மைக்கை மூடப் போகையில் ராஜு சாரின் சதுரம் ஒளிர்ந்தது. அவர் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: "அந்தம்மா கேக்குறது நியாயம் மேடம். நான் இத கவனிக்கவே இல்ல. பனியில நிக்கறவன் நெருப்பப் பாத்தா ஓடுவான். நிக்கமாட்டான்." சதுரங்களில் தலைகள் குனிந்தன, எல்லாரும் கவிதையைத் திரும்பப் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. கீர்த்தனாவும் படித்தாள், நெற்றியில் கை வைத்துக்கொண்டு. அம்சவேணி சொன்னாள், "என் அக்கா இப்படி நின்றாள். எங்கள் ஊரில் பனி கிடையாது, மழையில். வீட்டில் விளக்கு எரிந்தது. நான் அவளை இழுத்தேன். கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று சொன்னாள்." மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெல்லக் கேட்டார், "பிறகு உள்ளே போனாரா?" "போனாள் மேடம்." "அப்புறம்?" அம்சவேணி வாயைத் திறந்தாள். அப்புறம் என்பது இங்கிலீஷில் அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் அதை முதலில் கேட்க வேண்டியவர் இந்தச் சதுரங்களில் இல்லை. "கவிதை அங்கேயே முடிந்துவிடுகிறது மேடம்" என்றாள். மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, இந்தக் கவிதையைப் பல வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இன்றைக்குத்தான் அவளோடு வெளியே நின்றேன் என்றார். மஞ்சள் மூஞ்சி ஒன்றுகூட வரவில்லை.

ஏசியை அணைத்து, தாடையைத் துணி போட்டு மூடி, கதவைப் பூட்டித் திரும்பியதும் வெயில் முகத்தில் அறைந்தது. கஜேந்திரன் வேப்பமரத்தடியில் வண்டியைக் கிளப்பித் தயாராக உட்கார்ந்திருந்தார், கைப்பிடியில் நுங்குப் பை தொங்கியது. "இன்னா, பேசிட்டியா? அழுதுகீறாப்பல கீது. எவனாவது சிரிச்சானா?" "யாரும் சிரிக்கலங்க." "அப்புறம் இன்னா. ஏறு, வெயில் மண்டையப் பொளக்குது, வூட்டுக்குப் போய் நுங்கு துன்னலாம்." அவள் ஏறவில்லை. மரத்து நிழல் அவள் தோளில் பொட்டுப் பொட்டாக விழுந்து ஆடிற்று. எந்தக் கையும் வாய்மேல் இல்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டாள், வெறும் உதடுதான். "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாங்க" என்றாள். அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். வண்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று கிட்டே போய்ச் சொன்னாள். "எங்க ரேணுகாக்கா வூட்ல ஸ்டவ்வே கெடையாதுங்க." கஜேந்திரன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.